நிறைமதி, உத்திரட்டாதி

எங்கள் கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அதன்மேல் உபயம் என்று எழுதி, பெயர் எழுதி, பட்டறைப் பெயர் எழுதி, இடமிருந்தால் போன் நம்பரையும் எழுதிவிட்டு, வெளிச்சம் வெளியே வர ஒரு விரற்கடை இடம் விட்டால் அதுவே சாமி செய்த புண்ணியம். இதைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. கேலி செய்யாமல் உட்கார்ந்து யோசித்த ஒருவனும் இருந்திருக்கிறான். டெல்லியில் நட்புறவுத் துறை என்று புதிதாகத் திறந்தார்களே, அங்கே வேலை பார்த்தவன். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. அதை மட்டும் அவர்கள் எங்கேயும் எழுதவில்லை.

தல்மேரியா நம் நட்பு நாடு. எப்போதிலிருந்து என்று கேட்கக் கூடாது. பக்கத்து நாடான ஓசுராவோடு அவர்களுக்கு நெடுநாள் சண்டை. அந்தச் சண்டைக்காக எங்களுக்கு நட்பு வரி என்று ஒன்று வந்தது. வருமானத்தில் ஒரு பங்கு, அதுபோக உப்பு, சோப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றிலும் ஒரு சொட்டு. இங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அந்தப் பணத்தில் அங்கே பருந்து பறந்தது. பருந்து என்றால் ஆளில்லாத குட்டி விமானம். தானே சுற்றும், தானே பார்க்கும், தானே முடிவு செய்யும், தானே அடிக்கும். முதுகு வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லாது.

பணம் போதவில்லை என்று கொஞ்ச நாளில் பெயரும் கேட்டார்கள். அதை விளக்கத்தான் ஹரிஷ் என்ற இளம் அதிகாரி சென்னையிலிருந்து வந்து, எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் உள்ள பட்டறைக்காரர்களை ஒரு மண்டபத்தில் கூட்டினார். வடையும் காபியும் கொடுத்த பிறகே பேச ஆரம்பித்தார்.

"உலக ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு சார். மிஷின் தானா முடிவெடுத்து மனுஷனைக் கொல்லக் கூடாது. அப்படிக் கொல்லணும்னா, உயிரோட இருக்கிற ஒரு ஆள் அந்த மிஷினுக்குப் பொறுப்பா இருக்கணும். அவர் பேர் மிஷின் உடம்புலயே பொறிச்சிருக்கணும். பேர் இல்லைன்னா பருந்து மேல எழும்பவே எழும்பாது. பேர் குடுக்கிறவங்களுக்கு நட்பு வரியில பாதி தள்ளுபடி. உங்க பேருக்கும் குடுக்கலாம், குடும்பத்துல யார் பேருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கும் குழந்தைவேலுவின் மனைவி பூங்கொடி. பட்டறையின் பில் போடுவது, ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் அவள்தான். ஆனால் பட்டறை அவர் பெயரில் இருந்தது.

"ஏனுங்க சார், சண்டை அவங்குளுது. அவங்க ஆளுக பேரைப் போட்டுக்கலாமில்லீங்களா?"

"முதல்ல போட்டாங்க மேடம். இப்ப அங்க யாரும் குடுக்க முன்வரதில்லை."

"ஏனுங்க வரதில்லை?"

"அது அவங்க உள்நாட்டு விஷயம்."

"செரி, அந்தப் பருந்து ஆளு தெரியாம யாரையாவது அடிச்சுப்போட்டா, பேரு குடுத்தவங்க கதி என்னங்க?"

ஹரிஷ் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. "அதெல்லாம் நடக்காது மேடம். பேருங்கிறது ஒரு ஃபார்மாலிட்டி. உங்க ஊர்ல கோயில் டியூப் லைட்டுல எழுதறீங்களே, அதே மாதிரிதான்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. முன் வரிசையிலிருந்து குழந்தைவேலு திரும்பிப் பெண்டாட்டியை முறைத்தார். விண்ணப்பத்தில் பெயருக்குக் கீழே நட்சத்திரம் என்று ஒரு கட்டம் கூட இருந்தது. நம் ஆட்களை எப்படிப் படித்து வைத்திருக்கிறான்கள் பாருங்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் பாதிப் பேருக்குக் கை தானாக எழுதியது. யாரும் தன் பெயரை எழுதவில்லை. அர்ச்சனைத் தட்டு கொடுக்கும் பழக்கத்தில் மகன் பெயர், மகள் பெயர், போன மாதம் பிறந்த பேரன் பெயர் என்று எழுதினார்கள்.

குழந்தைவேலு எழுதியது நிறைமதி, உத்திரட்டாதி.

நிறைமதி அவருடைய ஒரே மகள். மண் ஆராய்ச்சி படித்துவிட்டு வெளிநாட்டில் வேலையாக இருந்தாள். இந்தச் சண்டையைப் பற்றிப் போனில் பேச்சு வந்தாலே அப்பனுக்கும் மகளுக்கும் ஆகாது. "நம்ம காசுல ஒரு குண்டு போனாலும் நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று ஒரு தீபாவளியன்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பூங்கொடி பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? அவ பேரைக் கொண்டு போயி அதுல எழுதியிருக்கறீங்க."

"புள்ள பேர்ல குடுத்தா புள்ளைக்குத்தான நல்லது. கோயலுக்கு யாரு பேர்ல குடுக்கறோம்?"

"கோயலுக்குக் குடுக்கறது வெளக்குங்க. இது ஆளைக் கொல்றதுக்கு."

"எல்லையில காவல் நிக்கறதுக்கு. எல்லாந் தெரிஞ்ச மாதிரி பேசாத."

"மண்டபத்துல குடுத்த அந்த ஒப்பந்தத்தை நான் ஒரு வரி உடாமப் படிச்சேன். அந்த மிசின் என்ன பண்ணுனாலும் பேருக்குச் சொந்தக்காரங்களைத்தான் கேப்பாங்க. உங்களையக் கேக்க மாட்டாங்க, அந்தச் சிரிக்கறவனையக் கேக்க மாட்டாங்க. அவளைக் கேப்பாங்க."

குழந்தைவேலு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பருந்துக்கு ஷாஃப்ட் கடையற ஆர்டர் நமக்குத்தான் வரப்போகுது. பேர் குடுத்தவங்களுக்குத்தான் ஆர்டர். உன்ற ஞாயத்தை வெச்சுட்டு ஆளுகளுக்குச் சம்பளம் போட முடியுமா? போய்ச் சோத்தைப் போடு."

இதுதான் அந்த உதவியின் லட்சணம். நம் பையில் எடுத்து, தல்மேரியாவுக்கு என்று சொல்லி, குழந்தைவேலு மாதிரி நாலு பேருக்கு ஆர்டராகத் திருப்பிக் கொடுத்து வாயை அடைத்தார்கள். அடைத்த வாய்களெல்லாம் கொடி பிடித்தன.

பூங்கொடி மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் இனி வரவே மாட்டாள் என்று தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பிள்ளை. கொடுத்த பெயரை ஐந்து வருஷத்துக்குத் திரும்ப வாங்க முடியாது என்றும் அவள் படித்திருந்தாள். கத்தினாள், நாலு நாள் பேசாமலிருந்தாள், பிறகு சோற்றைப் போட்டாள். ஆர்டர் வந்தது. அதற்கும் அவள்தான் பில் போட்டாள்.

அடுத்த தைப்பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்ட நிறைமதியை, விமானம் மாறும் ஊரில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு. பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்ததாம். முதலில் கேட்ட கேள்வி, உத்திரட்டாதி எங்கே இருக்கிறார் என்பது.

வழக்கு விசாரணை சித்திரையில் வந்தது. கலெக்டர் ஆபீஸில் ஒரு ஏசி அறையில், சுவர் அளவு திரைக்கு முன்னால் குழந்தைவேலு, பூங்கொடி, ஒரு வக்கீல், ஹரிஷ் ஆகியோர் உட்கார்ந்தார்கள். திரையில் நாலு சதுரம். ஒன்றில் ஒப்பந்த நீதிமன்றத்தின் நீதிபதி, நரைத்த முடியைக் கத்தரித்துக்கொண்ட ஒரு பெண். ஒன்றில் தல்மேரியாவின் பிரதிநிதி, கோட்டுப் போட்டவர். ஒன்றில் நிறைமதி. மூன்று மாதத்தில் முகம் பாதியாகியிருந்தது. கடைசிச் சதுரத்தில் தொவால் என்ற ஓசுராக்காரர். அவர் முகத்தில் எந்த அசைவும் இல்லை.

அவர் பேசியதை மொழிபெயர்ப்பு இயந்திரம் வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் சொன்னது.

"நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு மாறினோம். என் மனைவியும் மகனும் கைவண்டியில் ஃப்ரிட்ஜை வைத்துப் பாலத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய ஃப்ரிட்ஜ். கதவு சரியாக மூடாது. வண்டியைக் கவனமாகத் தள்ளச் சொல்லி நான் இக்கரையிலிருந்து கை காட்டினேன். மேலேயிருந்து பார்த்த இயந்திரம் அது ஏவுகணைப் பெட்டி என்றும், நான் அதற்கு வழி காட்டுகிறேன் என்றும் முடிவு செய்து, வண்டி மேல் வந்து விழுந்து வெடித்தது. இருவரும் இறந்தார்கள். அதன் உடைந்த தகட்டில் எழுத்து இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்தோம். நிறைமதி, உத்திரட்டாதி என்று படித்தார். இரண்டு பேர் சேர்ந்து கொன்றிருக்கிறார்கள் என்று நினைத்தோம். இரண்டாவது ஆளை மாதக்கணக்கில் தேடினோம்."

நட்சத்திரம் என்றால் என்ன என்று வக்கீல் விளக்கினார். நீதிபதிக்கு அது புரிய நேரமானது. பிறந்தபோது நிலா நின்ற இடத்தையா ஆயுதத்தில் எழுதினீர்கள் என்று கேட்டார். வக்கீல் ஆமாம் என்றார். அந்த அறையில் அதைவிட அசிங்கமான ஆமாம் ஒன்றை என்னால் யோசித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு நீதிபதி சட்டத்தைச் சொன்னார். தெரியாமல் போடப்பட்ட பெயர் செல்லாது. நிறைமதிக்கு இது தெரியாது என்று நீதிமன்றம் நம்புகிறது. ஆனால் பெயருக்கான இடம் காலியாக இருக்க முடியாது. இந்த இயந்திரம் கொல்லும், இந்தப் பெயரில்தான் கொல்லும் என்று தெரிந்திருந்த ஒருவர் முன்வந்து பொறுப்பேற்றால் அவளை இன்றே விட்டுவிடலாம். இல்லாவிட்டால் அப்படி ஒருவர் கிடைக்கும்வரை அவள் அங்கேதான். வருஷக் கணக்காகலாம். பொறுப்பேற்பவர் ஓசுராவுக்குப் போய், அங்கே விசாரணைக்கு நின்று, அவர்கள் தரும் தண்டனையை ஏற்க வேண்டும்.

குழந்தைவேலு எழுந்தார். வக்கீல் காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். தெரியும் என்று சொன்னால் பட்டறைக்குச் சீல் வைப்பார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. கோயலுக்குக் குடுக்கற மாதிரின்னு சொன்னாங்க, குடுத்தேன்."

"கோயிலுக்கு விளக்குக் கொடுக்கும்போது அது எரியும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார் நீதிபதி.

"தெரியுமுங்க."

"ஆயுதம் கொடுக்கும்போது?"

குழந்தைவேலு திரையில் மகளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு அசைந்தது. அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்கலாம். கெட்ட மனிதர் இல்லை, மகள் மேல் உயிர்தான். ஆனால் ஆயுசுக்கும் ஒன்றைச் சேர்த்து வைத்தவனுக்கு அதை விடுவதற்கு வாய் வருவதில்லை.

"காவல் நிக்கும்னு சொன்னாங்க. கொல்லும்னு தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நிறைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹரிஷ் எழுந்தார். நிதியும் பெயரும் அனுப்புவது மட்டுமே எங்கள் வேலை, எதை அடிப்பது என்று அரசுக்குத் தெரியாது என்றார். தல்மேரியாப் பிரதிநிதி, பறக்கவிட்டது மட்டுமே நாங்கள், பெயர் உங்களுடையது என்றார். பருந்தின் கண்ணைச் செய்தவர்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள், கண் பார்த்ததைச் சொல்லும், முடிவுக்கு அது பொறுப்பல்ல என்று. இப்படி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அந்தப் பிணம் இரண்டும் நகர்ந்துகொண்டே இருந்தன.

தொவால் கையை உயர்த்தினார்.

"எனக்குப் பணம் வேண்டாம். யாரையும் தூக்கில் போட வேண்டாம். தெரியும் என்று சொல்லும் ஒரே ஒரு ஆள் வேண்டும். உங்கள் நாட்டில் இத்தனை கோடிப் பேர் இருக்கிறீர்கள். ஒருவருக்குக்கூடவா தெரியாது?"

"எனக்குத் தெரியுமுங்க."

பூங்கொடி உட்கார்ந்தபடியே சொன்னதால் மைக் அதைப் பிடிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்து மறுபடி சொன்னாள்.

"நான் அந்த ஒப்பந்தம் பூராப் படிச்சேன். அது கொல்லுங்கறதும் தெரியும், எம்புள்ள பேர்ல கொல்லுங்கறதும் தெரியும். கூட்டத்துல கேட்டேன். இவங்க சிரிச்சாங்க. வீட்ல கத்துனேன். அப்பறம் உட்டுட்டேன். ஆர்டருக்கு பில் போட்டேன்."

"அம்மா." நிறைமதியின் குரல் உடைந்து வந்தது. "உனக்குத் தெரியுமா? ஒரு வருஷமா தெரியுமா?"

"தெரியும் கண்ணு."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ வர மாட்டே."

மகளின் முகத்தில் இருந்தது விடுதலைச் சந்தோஷம் இல்லை. அப்பாவிடமிருந்து திருப்பிக்கொண்ட அதே முகத்தை அம்மாவிடமிருந்தும் திருப்பிக்கொண்டாள். ஆனால் பூங்கொடி சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

குழந்தைவேலு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உனக்கென்ன கேடு? உட்காரு. நீயென்ன வரியா கட்டறே? உன்ற பேர்ல ஒரு ஃபைல் கூட இல்ல."

வக்கீலும் அதைப் பிடித்துக்கொண்டார். பொறுப்பேற்பவர் நட்பு வரி கட்டுபவராக இருக்க வேண்டும், இந்த அம்மா வருமான வரி கட்டுவதே இல்லை என்றார்.

"உப்புக்கும் சோப்புக்கும் போடறீங்களே, அதை யாருங்க கட்டறது?" என்றாள் பூங்கொடி. "எங்க வீட்ல கடைக்குப் போறது நாந்தான்."

நீதிபதி யாரிடமோ கலந்து பேசினார். செல்லும் என்றார்.

இந்த இடத்தில்தான் ஹரிஷுக்குப் புத்தி வேலை செய்தது. குனிந்து வக்கீலிடமும், பிறகு திரையைப் பார்த்து தல்மேரியாக்காரரிடமும் பேசினார். அந்த மண்டபத்தில் வாங்கிய பெயர்களெல்லாம் ஒரே தொகுதி. நிறைமதி மாட்டிக்கொண்ட செய்தி வந்ததிலிருந்து அந்தத் தொகுதியில் ஒவ்வொருவராக எனக்குத் தெரியாது, என் பிள்ளைக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டால் மொத்தப் பருந்தும் பெயரில்லாமல் தரையில் உட்கார வேண்டியதுதான். இப்போது தெரிந்தே ஒத்துக்கொள்ளும் ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள். எந்தக் கோர்ட்டிலும் அசைக்க முடியாத பெயர்.

"மேடம்," என்றார் மிகவும் மரியாதையாக. "எப்படியும் ஒத்துக்கிட்டீங்க. அந்தத் தொகுதி முழுக்க உங்க பேர்லயே மாத்திடலாமா? நம்ம ஊர் ஆளுங்க எல்லாருக்கும் நீங்க பண்ற பெரிய உதவி. அத்தனை குடும்பமும் நிம்மதியாத் தூங்கும்."

பூங்கொடி திரையைக் காட்டினாள். "மொதல்ல எம்புள்ளைய விடச் சொல்லுங்க."

நிறைமதியின் சதுரத்தில் ஒருவர் வந்து கதவைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். சதுரம் காலியாக இருந்தது. பூங்கொடி திரையின் கீழிருந்த கண்ணாடியில் விரலை வைத்து, பெயரைச் சொன்னாள். நட்சத்திரம் யாரும் கேட்கவில்லை.

நீதிபதி படித்தார். "பூங்கொடி குழந்தைவேலு, தெரிந்து பொறுப்பேற்பவர். முந்தைய இரண்டு மரணங்களுக்கும், இந்தத் தொகுதி இனி செய்யும் எதற்கும் நீங்கள் பொறுப்பு. தெரிந்து பொறுப்பேற்பவருக்கு ஒரு உரிமை உண்டு என்பதையும் சட்டப்படி சொல்ல வேண்டும். இயந்திரங்களை நிறுத்தச் சொல்லலாம். இதுவரை தெரிந்து பொறுப்பேற்றவர் யாரும் இல்லாததால் இதை யாரும் கேட்டதில்லை."

ஹரிஷ் முகத்தில் அந்தப் பயிற்சிச் சிரிப்பு இல்லை. ஒப்பந்தத்தை அவர் படித்ததே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"அதுவும் தெரியுமுங்க. எல்லாத்தையும் எறக்கிடச் சொல்லுங்க" என்றாள் பூங்கொடி. "இப்பவே."

தல்மேரியாக்காரர் எழுந்து நின்று சத்தமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பு இயந்திரம் அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. ஹரிஷ் அவள் பக்கத்தில் ஓடிவந்தார். பொய்யில்லாமல் அவர் பேசியது அப்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"மேடம், யோசிச்சுப் பேசுங்க. நான் அங்க போயிருக்கேன். அந்த எல்லையில இருக்கிற கிராமத்துக்கெல்லாம் பருந்தை விட்டா வேற காவல் கிடையாது. அங்கயும் சின்னச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. நீங்க இறக்கின அடுத்த வாரமே ஓசுராக்காரன் அடிப்பான். சாவாங்க மேடம். நிஜமாவே சாவாங்க. அதுக்கு யார் பொறுப்பு?"

பூங்கொடி தொவாலைப் பார்த்தாள். இல்லை, அடிக்க மாட்டோம் என்று அவர் சொல்லவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அறையில் எல்லோரும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள்.

"அதுக்கும் எம்பேரையே போட்டுக்குங்க" என்றாள்.